கண்ணாடியைச் சொன்னீர்கள், குளிரை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கத்தில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். வானத்தில் இருக்கும் ஒரு தூசி மேகத்துக்குத் தமிழ் நாளிதழில் அவ்வளவு இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் கட்டுரை முழுக்க 6.5 மீட்டர் கண்ணாடி, தங்க முலாம், 15 லட்சம் கிலோமீட்டர் தூரம் என்றே போய் முடிந்துவிட்டது. அந்தக் கேமரா எவ்வளவு குளிரில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதே பக்கத்தில் பாகூரிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர், கொரோனா நேரத்தில் வாசலில் வைத்துக் காய்ச்சல் பார்த்தார்களே அந்த வெப்பக் கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டினால் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்தே இந்த மாதிரிப் படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். தொலைநோக்கி பெரியதாக இருந்தால் எடுக்கலாம் என்று நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள். எடுக்க முடியாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் முடியாது. அந்தப் பெண் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், அவருக்குச் சரியான பதில் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் பல வருஷம் இருந்தவன், அதன் பிறகு ஏசி, குளிர்பதனக் கிடங்கு என்று வேலை பார்த்தேன். படித்தது ஐடிஐ. நட்சத்திரம் பார்க்கும் பழக்கம் நடுவில் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. அதனால் கேமராவின் குளிர் என்று வரும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சூடாக இருக்கும் எல்லாப் பொருளும் ஒளி விடுகிறது. அடுப்புக் கரி சிவப்பாக எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, நம் உடம்பும் நாற்காலியும் சுவரும் விடுவது தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் கண் பார்ப்பது 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையுள்ள அலைநீளத்தை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நம்ம ஊர் இரவில் 30 டிகிரியில் கிடக்கும் எந்தப் பொருளும் அதிகமாக விடுவது 10 மைக்ரானுக்குப் பக்கத்தில். சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைத்தான் அகச்சிவப்பு என்கிறோம். வெப் தொலைநோக்கியின் மிரி என்ற கருவி 5 முதல் 28 மைக்ரான் வரை பார்க்கிறது. அப்படியானால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கருவியைக் கொண்டுவந்து தேவனாம்பட்டினம் கடற்கரையில் வைத்தால் அதன் குழாய் ஒளிரும், கண்ணாடி ஒளிரும், கேமராவின் உள் சுவர் ஒளிரும், பக்கத்தில் நிற்கும் நான் ஒளிர்வேன், மேலே இருக்கும் காற்றே ஒளிரும். மூஞ்சிக்கு நேராக பெட்ரோமாக்ஸைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தில் போகிற கட்டுமரத்தின் சிம்னி விளக்கைத் தேடுகிற கதைதான்.

சரி, அந்த வெளிச்சத்தை அளந்து கழித்துவிடலாமே என்று கேட்கலாம். கழிக்கத்தான் செய்கிறார்கள். நட்சத்திரத்தை ஒரு படம், பக்கத்தில் வெறும் வானத்தை ஒரு படம் என்று மாற்றி மாற்றி எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது அகச்சிவப்பு வானியலில் அன்றாட வேலை. துறைமுகத்தில் மீனைக் கூடையோடு எடை போட்டுக் கூடையைக் கழிக்கிறோமே, அதேதான். ஆனால் கூடை 100 கிலோ, மீன் 1 கிராம் என்றால் என்ன செய்வீர்கள்? தராசு முள் ஆடுகிற ஆட்டமே 10 கிராமுக்கு மேல் இருக்கும், அதில் மீன் எங்கே தெரியும். ஒளியும் அப்படித்தான், துகள் துகளாக ஒழுங்கில்லாமல் வந்து விழுவதால் அதன் எண்ணிக்கை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும், சராசரியைக் கழிக்கலாமே தவிர ஆட்டத்தைக் கழிக்க முடியாது. கூடையின் எடையையே குறைத்தால்தான் உண்டு. குளிர் செய்வது அந்த வேலையை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சென்சாருக்கு உள்ளேயே இருக்கிறது. ஒளி பட்டால் எலெக்ட்ரான் துள்ள வேண்டும், அதை எண்ணுவதுதான் கேமரா. ஆனால் ஒளியே இல்லாவிட்டாலும் சூட்டினால் சில எலெக்ட்ரான்கள் தாமாகத் துள்ளும், கேமராவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதை இருட்டு மின்னோட்டம் என்பார்கள். அகச்சிவப்பின் ஒளித்துகளுக்கு வலு குறைவு, அது தட்டினாலும் எலெக்ட்ரான் துள்ளுகிற மாதிரியான பொருளைத்தான் சென்சாராக வைக்க வேண்டும், லேசாகத் தட்டினால் துள்ளுவது லேசான சூட்டுக்கும் துள்ளிவிடும். அதனால்தான் எவ்வளவு நீளமான அலையைப் பார்க்க வேண்டுமோ அவ்வளவு கீழே குளிரை இறக்க வேண்டியிருக்கிறது. நம் செல்போன் கேமராவில் இருக்கும் சிலிக்கான் ஏறக்குறைய 1.1 மைக்ரானோடு நின்றுவிடும், அதற்கு சாதாரண பெல்டியர் குளிரே, அதாவது மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சின்னத் தகடே போதும். மெர்குரி காட்மியம் டெல்லுரைடு என்ற கலவையை 2.5 மைக்ரான் வரை பார்ப்பது போலச் செய்தால் மைனஸ் 196 டிகிரி, அதாவது திரவ நைட்ரஜன் சூடு, ஏறக்குறையப் போதும். அதையே 5 மைக்ரானுக்கு நீட்டினால் மைனஸ் 230 வரை போக வேண்டும். 28 மைக்ரான் வரை பார்க்கிற ஆர்சனிக் கலந்த சிலிக்கானுக்கு மைனஸ் 266 டிகிரி, மைனஸ் 273-ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணும் கெல்வின் கணக்கில் 7. மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் இன்ஜின் சோதிக்கும்போது ஊற்றுகிற திரவ ஹைட்ரஜனே மைனஸ் 253 டிகிரிதான், இது அதற்கும் கீழே.

இதெல்லாம் எங்கோ இருக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, அந்த மாதிரி ராத்திரியில் டிவியில் வெள்ளையாகச் சுழல்கிற மேகப் படம் காட்டுகிறார்களே, சூரியனே இல்லாத நேரத்தில் அது எப்படித் தெரிகிறது? அகச்சிவப்பில் எடுத்த படம் அது. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோளில் உள்ள கேமராவின் அகச்சிவப்பு சென்சாரைக் குளிர வைக்க மோட்டாரும் கிடையாது கேஸும் கிடையாது, வெயில் படாத பக்கத்தில் ஒரு தகட்டைக் கருப்பு வானத்தைப் பார்த்தபடி வைத்திருப்பார்கள், அது தன் சூட்டை வெளியே விட்டுவிட்டுத் தானே குளிர்ந்துகொள்ளும். அந்தத் தகட்டுக்கு எதுவும் மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்சாட் 3டி-யில் சோலார் பலகை ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. புயல் எச்சரிக்கை கேட்டுப் படகைக் கரையேற்றிய ஒவ்வொரு குடும்பமும் குளிர்ந்த அகச்சிவப்புக் கேமராவின் பயனை அனுபவித்திருக்கிறது.

இனி வெப்புக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐந்து அடுக்குத் திரை, ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லியது, 21 மீட்டர் நீளம் 14 மீட்டர் அகலம். சூரியனைப் பார்க்கும் பக்கம் 85 டிகிரி வரை போகும், நிழல் பக்கம் மைனஸ் 233. நடுவில் இருப்பது வெறும் ஐந்து தாளும் வெற்றிடமும். மற்ற கேமராக்களுக்கு அந்த நிழலே போதும். மிரிக்கு மட்டும் போதாது, அதற்குத் தனியாக ஹீலியத்தில் ஓடும் குளிர்பதன இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அழகு: கம்ப்ரசர் திரைக்கு அந்தப் பக்கம், சூடான பகுதியில். அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக ஹீலியம் திரையைத் தாண்டி வந்து குளிர்ப் பக்கத்தில் கேமராவைக் குளிர வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறது. நம் வீட்டு ஸ்பிளிட் ஏசியில் அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியிலும் இன்டோர் யூனிட் படுக்கை அறையிலும் இருக்கிற அதே ஏற்பாடு. காரணமும் அதேதான், கம்ப்ரசர் சூடாகும், அதிரும், இரண்டும் உள்ளே வரக் கூடாது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவினார்கள், 2022 ஏப்ரல் 7 அன்றுதான் மிரி 7 கெல்வினுக்குக் கீழே இறங்கியது. கண்ணாடி விரிந்த பிறகும் குளிருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பைத்தான் உங்கள் கட்டுரையில் எதிர்பார்த்தேன்.

குளிர் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியை விட நல்ல சாட்சி இல்லை. 2003-ல் திரவ ஹீலியத்தை நிரப்பிக்கொண்டு போனது, 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்துவிட்டது. கண்ணாடி அப்படியே இருந்தது, கேமரா அப்படியே இருந்தது, ஒரு ஆணிகூடக் கழலவில்லை. ஆனால் கேமராவின் நாலு அலைவரிசையில் 5.8 மைக்ரானும் 8 மைக்ரானும் அன்றோடு குருடாகிவிட்டன, 3.6-ம் 4.5-ம் மட்டும் மிச்சம். இத்தனைக்கும் அப்போதும் அது மைனஸ் 240 டிகிரிக்குக் கீழேதான் இருந்தது, அதைத்தான் அவர்கள் சூடான காலம் என்று சொல்கிறார்கள்! அந்த இரண்டு அலைவரிசையை வைத்துக்கொண்டு 2020 ஜனவரி வரை வேலை பார்த்தது, டிராப்பிஸ்ட் 1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதை உறுதி செய்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் 1997-ல் மாட்டிய நிக்மோஸ் என்ற அகச்சிவப்புக் கேமராவின் கதை இன்னும் நெருக்கமானது எனக்கு. அதைக் குளிர வைக்க நைட்ரஜனை உறைய வைத்துக் கட்டியாகவே உள்ளே வைத்திருந்தார்கள். தரையில் சோதனை செய்யும்போதே அந்தக் கட்டி எதிர்பார்த்ததற்கு மேல் உப்பி, பாத்திரத்தை நெளித்துவிட்டது. நெளிந்ததால் தொடக் கூடாத இரண்டு பாகம் தொட்டுக்கொண்டது, தொட்ட இடத்தின் வழியாகச் சூடு உள்ளே ஏறியது, நினைத்ததில் பாதிக்கும் குறைவான காலத்தில் 1999 ஜனவரியில் நைட்ரஜன் முழுக்கத் தீர்ந்தது. மூன்று கேமராவில் ஒன்றுக்கு ஃபோகஸும் விலகிப்போனது. ஐஸ் பார் உப்பி டின் நெளிவதைக் கண்ணால் பார்த்தவனுக்கு இது புரியும். மூன்று வருஷம் செத்துக் கிடந்த கேமராவுக்கு 2002 மார்ச்சில் விண்வெளி வீரர்கள் போய் நியான் வாயுவில் ஓடும் ஒரு புதிய குளிர்பதன இயந்திரத்தை மாட்டி உயிர் கொடுத்தார்கள். வானியல் வரலாற்றில் மெக்கானிக் வேலைக்கும் ஒரு பக்கம் உண்டு, அதையும் போடுங்கள் சார்.

நம் நாட்டிலும் இருக்கிறது. நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி 2016-ல் இயங்கத் தொடங்கியது, அதில் மாட்டுகிற டிர்காம் 2 என்ற கேமரா மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாருடையது. இண்டியம் ஆன்டிமனைடு சென்சார், மூடிய சுற்றில் ஓடும் ஹீலியம் குளிர்பதனம், 35 கெல்வின். அதன் பிக்சல் எத்தனை தெரியுமா, 512-க்கு 512, மொத்தமே 2.6 லட்சம். என் பேரன் கையில் இருக்கும் போனில் 5 கோடி. பிக்சலைப் பார்த்துக் கேமராவை எடை போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுவேன். லடாக்கில் ஹான்லே, ராஜஸ்தானில் அபு மலை என்று அகச்சிவப்புக்கு உயரமான வறண்ட இடமாகத் தேடிப் போனதற்கும் காரணம் இருக்கிறது, காற்றில் உள்ள நீராவி அகச்சிவப்பை விழுங்கிவிடும். ஹான்லே 4,500 மீட்டர் உயரத்துக் குளிர் பாலைவனம். நம்ம ஊரில் துவைத்த துணியே காயமாட்டேன் என்கிறது.

இப்போது பாகூர் மாணவிக்கு. வெப்பக் கேமரா குளிரூட்டாத சென்சாரில் 8 முதல் 14 மைக்ரான் வரை பார்ப்பது. அதைக் கண்ணாடி லென்ஸ் போட்ட தொலைநோக்கியின் பின்னால் வைத்தால் லென்ஸின் சூடுதான் தெரியும், ஏனென்றால் அந்த அலைநீளத்துக்குச் சாதாரணக் கண்ணாடி ஒரு சுவர் மாதிரி. சந்தேகம் இருந்தால் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்து அந்தக் கேமராவில் பாரும்மா, ஆள் தெரியமாட்டார். லென்ஸ் இல்லாமல், ஒளியைப் பிரதிபலிக்கும் குழிக் கண்ணாடித் தொலைநோக்கியில் மாட்டினால் நிலா நன்றாகத் தெரியும், அதன் பகல் பக்கம் 100 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. நட்சத்திரத்தையும் தூசி மேகத்தையும் நம்ம கடற்கரைக் காற்றின் சூடே மூடிவிடும்.

இன்னொன்றும் அவர் கேட்டிருந்தார், அகச்சிவப்பு தூசியை ஊடுருவும் என்றால் மழை மேகத்தையும் ஊடுருவுமா என்று. அதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. விண்வெளித் தூசி பெரும்பாலும் ஒரு மைக்ரானை விடச் சின்னது, அதைவிட நீளமான அலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மேகத்துளி 10 மைக்ரான் அளவுக்குப் பெரியது, தண்ணீர் வேறு. போகாது. 1761-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புறப்பட்ட வானியலாளர் லெ ஜெந்தில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனதால் புதுச்சேரியில் இறங்கவே முடியாமல், எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுற்றித் திரிந்து, 1769 ஜூனில் இதே புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருந்த காலையில் மேகம் வந்து மூடியது. இன்றைய மிகச் சிறந்த அகச்சிவப்புக் கேமராவை அவர் கையில் கொடுத்திருந்தாலும் அந்தக் காலையில் அவர் மேகத்தைத்தான் பார்த்திருப்பார். பாவம் அந்த மனிதர், அதை நினைக்காமல் நான் கடற்கரைச் சாலையில் நடந்ததில்லை.

கடைசியாக ஒரு அனுபவம், கேமரா வாங்கப் போகிற பள்ளி கல்லூரிகளுக்குப் பயன்படும். எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் லட்சத்துக்கு மேல் கொடுத்துக் குளிரூட்டும் கேமரா வாங்கினார்கள். சிலிக்கான் சென்சார், பெல்டியர் குளிர், சிவப்புக்கு அப்பால் கொஞ்ச தூரம் பார்க்கும், நல்ல கேமராதான். முதல் கோடையிலேயே படத்தின் நடுவில் வெள்ளையாகத் திட்டு விழுந்தது. விற்றவரிடம் கேட்டால் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னாராம், பிள்ளைகள் ஒரு வருஷம் அதைத் தொடவே இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் உறைபனி. பிரிட்ஜ் லைனில் ஈரம் போய் கேபிலரி என்ற மெல்லிய குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளுமே, அதே நோய்தான். சென்சார் அறைக்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் நீலம் வெளுத்து ரோஸ் ஆகியிருந்தது, அதை மாற்ற வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதற்கு மேல், மே மாதம் ராத்திரி 31 டிகிரியில் கேமராவை மைனஸ் 20-க்கு இறக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் கேமரா வெளிச் சூட்டிலிருந்து 35 டிகிரிதான் இறக்கும், மைனஸ் 4-ல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, சூடு ஒரு நிலையில் நிற்காததால் இருட்டு மின்னோட்டத்தைக் கழிப்பதற்காக ஒளி படாமல் மூடி எடுத்த இருட்டுப் படம் எதுவும் பொருந்தவில்லை.

ஜெல்லை அடுப்பில் வறுத்துத் திரும்பப் போட்டோம், குளிரை 0 டிகிரியில் நிறுத்தினோம், முன் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க ஒரு சின்ன சூடு வளையம் கட்டினோம். சிலிக்கானில் ஏறக்குறைய 6 டிகிரி இறங்கினால் இருட்டு மின்னோட்டம் பாதியாகும், 30 இறங்கினால் ஐந்து தடவை பாதி, 32-ல் ஒரு பங்கு. நெய்வேலி வெளிச்சம் அடிக்கிற நம்ம வானத்துக்கு அது தாராளம், அதற்குக் கீழே போனாலும் வானத்தின் வெளிச்சம்தான் முன்னால் வந்து நிற்கும். அந்த ராத்திரியே பண்ருட்டிக்கு மேற்கே ஒரு முந்திரித் தோப்பில் வைத்து எடுத்த ஓரியன் நெபுலா படம்... இல்லை, அது மே மாதம், ஓரியன் அதற்கு முன்னாலேயே மேற்கில் இறங்கியிருந்தது, நாங்கள் எடுத்தது தனுசுவில் இருக்கும் லகூன் நெபுலா, விடியப் போகிற நேரத்தில் திரையில் திட்டு இல்லாமல் வந்தபோது அந்தப் பிள்ளைகள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கேமரா வாங்குகிறவர்கள் வெளிச் சூட்டிலிருந்து எத்தனை டிகிரி இறங்கும், ஈரத்தை எப்படிச் சமாளிக்கும், ஜெல்லை யார் எப்போது மாற்றுவது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. பாகூர் மாணவிக்குப் போட்ட பதிலைத் திருத்திப் போடுங்கள். அப்புறம், இனிமேல் இப்படிப் படம் வரும்போது அதன் கீழே எந்த அலைநீளத்தில் எடுத்தது, சென்சார் எத்தனை டிகிரியில் இருந்தது, நிறம் எப்படிக் கொடுத்தது என்று மூன்று தகவல் சேருங்கள். அந்த நீலமும் சிவப்பும் கண்ணால் பார்த்த நிறம் இல்லை, குட்டையான அலைக்கு நீலம், நீளமான அலைக்குச் சிவப்பு என்று கொடுத்தது, அது தெரியாமல் என் வீட்டிலேயே படம் பொய் என்று ஒரு சண்டை நடந்தது. ஒரு வரிக்குள் அடங்கிவிடும் விஷயம்.

அந்த மாணவி பெற்றோரோடு வருவதாக இருந்தால் அடுத்த அமாவாசைக்குக் கல்லூரிப் பிள்ளைகளோடு தோப்பில் இருப்போம், வானம் மூடாமல் இருந்தால். உங்கள் அலுவலகம் மூலமாகச் சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
கடலூர் முதுநகர்.